இலங்கைக்கு மும்முறை சென்ற கல்கி

சோழர் கதை என்றால் அது தஞ்சாவூர்ச் சங்கதி என்று நினைப்பதுதான் வழக்கம். ஆனால் அமரர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலுக்கு ஆணிவேரான சரித்திரச் சான்று கிடைத்த ஊர், அந்தக் கதை வாராவாரம் வெளிவந்த காலத்தில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஊர் திருவாலங்காடு.

1905-ஆம் ஆண்டில் அங்கே 31 செப்பேடுகள் கிடைத்தன. ராஜேந்திர சோழன் பழையனூர் கிராமத்தைத் திருவாலங்காட்டுச் சிவன் கோயிலுக்கு எழுதி வைத்த சாசனம் அது. தானத்தைச் சொல்லுமுன் சோழர் வம்சாவளி முழுவதையும் சொல்லிவிடுகிறது. அதிலே ஒரு செய்தி. குடிகள் வேண்டிக் கேட்டும், தன் சிறிய தகப்பனாருக்கு அரசாட்சியில் விருப்பம் இருப்பதை அறிந்து, அருண்மொழிவர்மன் தனக்கு முடி வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டான். பிற்காலத்தில் ராஜராஜ சோழன் என்று பேர் பெற்றவன் இவன்தான். இந்த ஒரு செய்தியைச் சுற்றி ஐந்து பாகம் எழுதினார் கல்கி. திருத்தணி வட்டாரத்தோடு திருவாலங்காடும் 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. குப்பம், குடுபல்லி பக்கத்துத் தமிழர்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டார்கள்.

கல்கி என்கிற ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9-ந் தேதி மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தவர். தகப்பனார் கிராமக் கர்ணம். வசதி அதிகம் இல்லாத குடும்பம். திருச்சி தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர், 1921-ல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் வந்ததும், இறுதிப் பரீட்சைக்குக் காத்திராமல் பள்ளியை விட்டார். அடுத்த ஆண்டே ஒரு வருஷச் சிறைவாசம். வெளியே வந்து திருச்சி காங்கிரஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தார். பிறகு திரு.வி.க.வின் ‘நவசக்தி’, ராஜாஜியின் திருச்செங்கோடு ஆசிரமம், அங்கிருந்து வந்த ‘விமோசனம்’ பத்திரிகை, எஸ்.எஸ். வாசனின் ‘ஆனந்த விகடன்’ என்று வாழ்க்கை ஓடியது. 1941-ல் மறுபடியும் சிறை சென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் நண்பர் சதாசிவத்துடன் ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு முதல் தேட, சதாசிவத்தின் துணைவியார் எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்துக் கொடுத்தது பலரும் அறிந்த கதை.

கடைசிவரை பட்டம் எதுவும் பெறாத அந்த மனிதர், சரித்திரத்தை விடாமல் படித்தார். நீலகண்ட சாஸ்திரியார் சோழர் சரித்திரத்தை இங்கிலீஷில் எழுதியிருந்தார். சதாசிவ பண்டாரத்தார் தமிழில் எழுதினார். சாமானிய வாசகர்கள் இந்த நூல்களையெல்லாம் தேடிப் போகமாட்டார்கள். அவற்றின் சாரத்தை டீக்கடை வரைக்கும் கொண்டுவந்தவர் கல்கி.

புத்தகத்தோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். கதை நடக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ‘சிவகாமியின் சபதம்’ மனத்தில் உருவானது மாமல்லபுரத்துக் கடற்கரையில், ரசிகமணி டி.கே.சி.யோடு இருந்தபோது. ஓவியர் மணியத்தைக் கூட்டிக்கொண்டு அஜந்தா, எல்லோரா எல்லாம் போய் வந்தார். இவர் பார்த்துக் குறித்துக்கொள்வார், அவர் பார்த்து வரைந்துகொள்வார். பொன்னியின் செல்வனுக்காக இலங்கைக்கு மட்டும் மூன்று தடவை சென்றார் என்பார்கள்.

அந்நாளில் சென்னையிலிருந்து இலங்கை போவதென்றால் பெரும்பாலோர்க்குப் போட் மெயில்தான். எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே ஸ்டீமருக்கு மாறி, சுமார் இருபது மைல் கடலைக் கடந்தால் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயில். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஜனங்களில் எத்தனையோ பேர் போனதும் வந்ததும் இந்த வழிதான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அடித்துப் போனதோடு அந்தப் பாதை முடிந்தது.

கல்கி இலங்கைக் கதையை எழுதிய காலம் சாதாரணக் காலம் அல்ல. 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர் பல லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1950 அக்டோபரில் பொன்னியின் செல்வன் ஆரம்பமானபோது அக்கரையில் நிலைமை இது.

அந்தச் சமயத்தில் அவர் ஈழத்துக்கு அனுப்பிய கதாநாயகன் எப்படிப்பட்டவன்? படையெடுத்துப் போன இளவரசன். ஆனால் அந்த ஊர் ஜனங்கள் வயிற்றில் அடிக்கக் கூடாதென்று, சேனைக்கு வேண்டிய அரிசியைச் சோழ நாட்டிலிருந்து வரவழைக்கிறான். இடிந்த புத்த விஹாரங்களைப் பழுதுபார்க்கச் சொல்கிறான். அநுராதபுரத்தில் பிக்ஷுக்கள் இலங்கைச் சிம்மாசனத்தையே கொடுக்க முன்வந்தபோது வேண்டாம் என்கிறான். செப்பேட்டில் சோழ முடியை மறுத்தவனைக் கல்கி இலங்கை முடியையும் மறுக்க வைத்துவிட்டார்.

கோடிக்கரையின் புதைசேறு, தனியாகப் படகு வலித்துக் கடல் தாண்டும் பூங்குழலி, தம்பள்ளைக் குகைகள், சுழற்காற்றில் தத்தளிக்கும் கப்பல் என்று இரண்டாம் பாகம் முழுக்க உப்புக் காற்று வீசும். பூங்குழலி கற்பனைப் பெண். கோடிக்கரையும் தம்பள்ளையும் கற்பனை அல்ல. பத்து வருஷம் முந்தி ‘பார்த்திபன் கனவு’ எழுதியபோது விக்கிரமனைச் செண்பகத் தீவுக்கு நாடு கடத்தினார். தமிழர் குடியேறி, தங்களுக்கு ஒரு ராஜா இல்லையே என்று ஏங்கும் தீவு அது; முழுக்க மனத்தில் கட்டியது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், நேரில் போய்ப் பார்த்ததன் பலன் எத்தனை என்பது தெரியும்.

சரித்திரத்தில் நடந்தது வேறு. சுந்தர சோழன் காலத்தில் ஈழப் போரில் கொடும்பாளூர்ச் சிறிய வேளார் மாண்டார் என்று கல்வெட்டுச் சொல்கிறது. கதையில் வானதியின் தகப்பனார் அவர்தான். தோல்வியை ராஜராஜன் மறக்கவில்லை. சுமார் 993-ல் அவன் படை அநுராதபுரத்தை அழித்தது. பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆயிற்று. பிடித்த நாட்டுக்கு மும்முடிச் சோழ மண்டலம் என்று பெயர். 1017-ல் ராஜேந்திரன் காலத்தில் மன்னன் ஐந்தாம் மகிந்தனையே சிறைபிடித்துக்கொண்டு வந்தார்கள். விஹாரங்கள் உடைக்கப்பட்டதையும் பொன் விக்கிரகங்கள் கொள்ளை போனதையும் சிங்களவரின் சூளவம்சம் புலம்பிச் சொல்கிறது. 1070 வாக்கில் விஜயபாகு விரட்டும்வரை அந்த ஆட்சி நீடித்தது. வெள்ளைக்காரன் தீவுகளைப் பிடித்த கதைக்கும் இதற்கும் பெரிய பேதம் இல்லை.

திருவாலங்காட்டுச் செப்பேடும் இதை மறைக்கவில்லை. ராமனுக்குக் குரங்குகள் அணை கட்டித் தரவேண்டியிருந்தது, சோழன் சேனையோ கப்பலேறியே போய் இலங்கை வேந்தனை எரித்துவிட்டது என்று பெருமை பேசுகிறது. முடியைத் துறந்த செய்தியும் இந்த எரித்த செய்தியும் ஒரே சாசனத்தில்தான் இருக்கின்றன. கல்கி முந்தியதை எடுத்துக்கொண்டார். பிந்தியது தொடங்குமுன் கதையை முடித்துவிட்டார். தெரியாமல் விட்டார் என்று சொல்ல முடியாது. அத்தனை படித்தவர், அத்தனை முறை போய் இடிபாடுகளைப் பார்த்தவர். அவர் விட்டதில் ஒரு நியாயம் உண்டு. சரித்திரத்தை நாவலில் மட்டும் படித்தவர்களுக்கு அதனால் நஷ்டமும் உண்டு. எரிந்த அநுராதபுரம் நம் ஜனங்களில் பலருக்குத் தெரியாமலே போயிற்று.

மூன்றரை வருஷம் ஓடி 1954-ல் கதை முடிந்தது. இன்னின்னார் கதி என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்க, முடிவுரையில் பதில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி சென்னையில் காசநோயால் காலமானார். வயது 55. சாகித்ய அகாதமி 1956-ல் பரிசு கொடுத்தது ‘அலை ஓசை’க்கு, அது சமூக நாவல். 1999-ல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகி, பொன்னியின் செல்வன் ரயிலடிப் புத்தகக் கடைகளில் கூட மலிவு விலையில் கிடைக்கத் தொடங்கியது.