காவலூரைத் தந்த வைணு பாப்பு

விசுவமடுவில் மின்சாரம் தடைப்பட்ட ஓர் இரவு. முற்றத்தில் நின்று வாப்பாவுக்கு வியாழனைக் காட்டினேன். வானியல் படிக்கப்போவதாகச் சொன்னேன். அதற்கெல்லாம் பெரிய நாடுகளுக்குத்தான் போகவேண்டும் என்றார். அந்தப் பதில் மனதை உறுத்திக்கொண்டிருந்த நாட்களில்தான் வைணு பாப்புவின் வாழ்வை வாசித்தேன்.

அவர் 1927 ஆகஸ்ட் 10இல் சென்னையில் பிறந்தார். தந்தை ஹைதராபாத் நிசாமியா வான் ஆய்வகத்தில் பணியாற்றியவர். ஹார்வார்டில் மாணவராக இருந்த பாப்பு, 1949இல் புகைப்படத் தட்டொன்றில் புதிய வால்வெள்ளியைக் கண்டார். அதற்கு அவருடைய பெயரும் போக், நியூகேர்க் ஆகியோரின் பெயர்களும் சூட்டப்பட்டன. ஆயினும் அவர் தாய்நாடு திரும்பினார். 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார்.

இருண்ட வானம் தேடி அவர் தெரிவுசெய்த இடம் காவலூர். காவலூர் என்றதும் நமக்கு ஊர்காவற்றுறை நினைவுக்கு வரும். இது தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள சிற்றூர். 1972இல் அங்கு 102 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1977 மார்ச் 10இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க நெருங்கியபோது, அதன் ஒளி முன்கூட்டியே மங்கியது. யுரேனஸைச் சூழ்ந்த வளையங்களே காரணம். அந்த மங்கலைப் பதிவுசெய்த இடங்களுள் காவலூரும் ஒன்று.

பிறகு 2.34 மீற்றர் தொலைநோக்கியை உள்நாட்டிலேயே உருவாக்க முனைந்தார். அது முடியுமுன், 1982 ஆகஸ்ட் 19இல் மியூனிக் நகரில் காலமானார். வயது 55. 1986இல் அத்தொலைநோக்கிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

அவர் மறைந்து 12 ஆண்டுகளின் பின், 1994 ஜூலையில், ஷூமேக்கர்-லெவி 9 வால்வெள்ளியின் துண்டுகள் வியாழனில் மோதின. பூமியைவிடப் பெரிய கருந்தழும்புகள் வாரக்கணக்கில் தெரிந்தன. 2009 ஜூலையில் மற்றுமொரு தழும்பு தோன்றியது. அதை முதலில் கண்டவர் அவுஸ்திரேலியாவின் பொழுதுபோக்கு வானியலாளர் அந்தோணி வெஸ்லி. இத்தகைய மோதல்கள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வியாழனோ பத்து மணித்தியாலத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடும். ஒரு நாட்டில் பகலாக இருக்கும்போது, இரவாக இருக்கும் இன்னொரு நாட்டில் யாராவது விழித்திருக்க வேண்டும். நம் பக்கத்து இரவுக்கு ஒரு கண்ணைத் தந்தவர் பாப்பு.

இதை எழுதி வாப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சுபஹ் தொழுகைக்கு எழும்பியவர், வியாழன் தெரிகிறது என்று என்னையும் முற்றத்துக்கு அழைத்தார்.