ஓடிப்போன மாணவர், நீதி தேடிய முப்தி

புரியாத பாடத்தை மனனம் செய்து தேர்வு எழுதிய அனுபவம் எனக்கு உண்டு. உங்களில் பலருக்கும் இருக்கும். அதனால்தான் எகிப்து நாட்டு அறிஞர் முகமது அப்துவின் வாழ்க்கையைப் படித்தபோது, அவர்மீது எனக்கு உடனே ஒரு பிரியம் ஏற்பட்டது.

1849-இல் நைல் நதியின் கழிமுகப் பகதியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார் அப்து. 13 வயதில் தந்தா நகரப் பள்ளிவாசலுக்குப் படிக்க அனுப்பப்பட்டார். அங்கே இலக்கண உரைகளை விளக்கமின்றி ஒப்பிக்க வேண்டியிருந்தது. ஒன்றும் புரியாமல் ஓடிவிட்டார். இனி ஏர் பிடித்தே பிழைக்கலாம் என்று முடிவு செய்தார். உறவினரான பெரியவர் ஒருவர் பொறுமையாகப் பொருள் சொல்லிக் கொடுத்த பிறகே அவருக்குப் படிப்பில் ஆசை பிறந்தது. பின்னர் கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் பயின்று, அங்கேயே ஆசிரியரும் ஆனார்.

1882-இல் பிரிட்டிஷ் படை எகிப்தைக் கைப்பற்றியது. அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்த கிளர்ச்சியை ஆதரித்ததால் அப்து நாடு கடத்தப்பட்டார். 1888-இல் நாடு திரும்பி நீதிபதியானார். அக்காலத்தில் எகிப்தியர்களின் குற்ற வழக்குகளையும் வணிக வழக்குகளையும் பிரெஞ்சுச் சட்டத்தைத் தழுவிய அரசு நீதிமன்றங்கள் விசாரித்தன. முஸ்லிம்களின் திருமணம், மணவிலக்கு போன்றவை ஷரியா நீதிமன்றங்களின் பொறுப்பு. நாற்பது வயதைக் கடந்தும் சலிக்காமல் பிரெஞ்சு மொழி கற்றார் அப்து.

1899-இல் நாட்டின் தலைமை முப்தியாக நியமிக்கப்பட்டதும், ஷரியா நீதிமன்றங்களை நேரில் பார்வையிட்டுச் சீர்திருத்த அறிக்கை எழுதினார். அந்த நீதிமன்றங்கள் ஹனஃபி என்ற ஒரே சட்ட மரபைப் பின்பற்றின. அதன்படி, ஜீவனாம்சம் தராத கணவரிடமிருந்தும், காணாமல் போன கணவரிடமிருந்தும் ஒரு பெண் விடுதலை பெறுவது மிகக் கடினம். மாலிக்கி மரபோ அதற்கு வழிவிட்டது. இரண்டும் இஸ்லாமிய மரபுகளே. அப்படியிருக்க, நீதி கிடைக்கும் வழியை ஏன் மூட வேண்டும்? மாலிக்கி மரபிலிருந்தும் விதிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார் அப்து.

1905-இல் அவர் காலமானார். 1920-இலும் 1929-இலும் எகிப்து அரசு இயற்றிய குடும்பச் சட்டங்களில் மாலிக்கி விதிகள் இடம்பெற்றன. கைவிடப்பட்ட பெண்களுக்கு நீதிமன்றத்தின் கதவு திறந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பல மரபுகளிலிருந்து எந்த விதியை எடுப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் இதனால் அரசின் கைக்குப் போனது. அதே பேனா நாளை அநீதியையும் எழுதக்கூடும். அதைத் தட்டிக் கேட்க, சட்டத்தை ஒப்பிப்பவர்கள் போதாது. அதன் பொருள் புரிந்தவர்கள் வேண்டும். தந்தாவிலிருந்து ஓடிய அந்தச் சிறுவனுக்கு அது அன்றே தெரிந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.