தொழுமரத்தில் நின்றவரும் விற்கப்பட்ட சிறுவனும்: டேனியல் டெஃபோவின் வாழ்வு

1703ஆம் ஆண்டு ஜூலை இறுதியில், இலண்டன் நகரின் மூன்று இடங்களில், அடுத்தடுத்து மூன்று நாட்கள், ஓர் எழுத்தாளர் தொழுமரத்தில் நிறுத்தப்பட்டார். கழுத்தையும் கைகளையும் பலகையின் துளைகளில் பூட்டி, ஊர் கூடி இழிவுபடுத்துவதற்கென்றே வகுக்கப்பட்ட தண்டனை அது. துண்டுப் பிரசுரம் ஒன்றை எழுதியதே அவர் செய்த குற்றம். அவர் டேனியல் டெஃபோ; பின்னாளில் ‘ராபின்சன் குரூசோ’ நாவலை எழுதியவர். ஊர் நடுவே மனிதரை நிறுத்தி அவமதிக்கும் தண்டனைகளை நன்கறிந்த நாம், இவ்வாழ்வை நமக்குரிய கேள்விகளோடு வாசிக்க வேண்டியுள்ளது.

1660ஆம் ஆண்டளவில் மெழுகுவர்த்தி வணிகர் ஒருவரின் மகனாக டெஃபோ பிறந்தார். அவரது குடும்பம் இங்கிலாந்துத் திருச்சபையை ஏற்காத புராட்டஸ்டண்டு பிரிவைச் சேர்ந்தது. அப்பிரிவினருக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டங்களும் அரசுப் பதவிகளும் சட்டத்தால் மறுக்கப்பட்டிருந்தன. ஆகவே அவர் தம் பிரிவினர் தனியே நடத்திய கல்விக்கூடத்தில் பயின்றார். வணிகத்தில் இறங்கி, 1692இல் 17,000 பவுண்டு கடனோடு நொடித்துப்போனார்.

1695இல் அச்சுக்கு முன் உரிமம் பெறவேண்டும் என்ற சட்டம் காலாவதியானது. இலண்டனில் அச்சகங்கள் பெருகின. காப்பிக் கடைகளில் செய்தித்தாள்களும் பிரசுரங்களும் வாசித்து விவாதிக்கப்பட்டன. ஆயினும் அச்சிட்ட பின் தண்டிக்கும் அதிகாரத்தை அரசு கைவிடவில்லை. ஆதலால் பலர் பெயரை மறைத்தே எழுதினர். 1701இல் டெஃபோ வெளியிட்ட நெடுங்கவிதை, தூய ஆங்கிலேயப் பிறப்பு என்ற பெருமையைத் தகர்த்தது: ஆங்கிலேயர் பல இனங்களின் கலப்பே என்று அது எள்ளி நகையாடியது. அக்கவிதை பெருவெற்றி பெற்றது. திருட்டுப் பதிப்புகளும் மலிந்தன. அவற்றைத் தடுக்க எழுத்தாளருக்குச் சட்டம் ஏதுமில்லை. மறு ஆண்டு எழுதிய மற்றொரு கவிதையில், அற்பப் பொருள்களுக்கு மனிதரை வாங்கி விற்கும் அடிமை வணிகரையும் அவர் சாடினார்.

1702 டிசம்பரில் வந்தது அந்தத் துண்டுப் பிரசுரம். திருச்சபைத் தீவிரவாதி ஒருவரின் குரலை ஏற்று, மாற்றுப் பிரிவினரைத் தூக்கிலிடவும் நாடு கடத்தவும் பரிந்துரைப்பதுபோல் அவர் எழுதினார். அதை உண்மையென நம்பி மகிழ்ந்தோரும் உண்டு. அங்கதம் என்று தெரிந்ததும் ஆட்சியாளர் சினந்தனர். அவரைப் பிடிக்க 50 பவுண்டு பரிசு அறிவிக்கப்பட்டது, பிரசுரம் எரிக்கப்பட்டது. அரசை அவதூறு செய்த குற்றத்திற்கு அபராதம், தொழுமரம், ஏழாண்டு நன்னடத்தைப் பிணை ஆகியன விதிக்கப்பட்டன. இக்குற்றக் கருத்தின் வழிவந்ததே 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் நுழைந்த 124ஏ பிரிவு.

சிறையிலிருந்து அவரை மீட்டவர் ராபர்ட் ஹார்லி என்ற அரசியல்வாதி. விடுதலைக்கு விலை இருந்தது. டெஃபோ ஹார்லியின் இரகசிய முகவரானார். 1704 முதல் 1713 வரை ‘ரெவ்யூ’ இதழை ஏறத்தாழத் தனியொருவராக எழுதினார். அதே இதழில், அடிமை வணிகம் நடத்திய ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனிக்காக வாதாடினார். 1710இல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம் புது நூல்களுக்கு 14 ஆண்டுப் பாதுகாப்பு அளித்தது. எழுத்தாளரின் உடைமை உரிமைக்காக அவர் அதற்கு முன்பே எழுதியிருந்தார். எனினும் கைப்பிரதியை விலைக்கு வாங்கிய பதிப்பாளரே பெரும்பாலும் பயனடைந்தனர்.

1719 ஏப்ரலில், ஏறக்குறைய 60 வயதில், ‘ராபின்சன் குரூசோ’ வெளிவந்தது. நூலில் அவர் பெயர் இல்லை. அதில் குரூசோவே முதலில் அடிமையாகிறான். சூரி என்னும் சிறுவனின் துணையோடு தப்புகிறான். பின் அச்சிறுவனையே கப்பல் தலைவனுக்கு 60 வெள்ளிக் காசுகளுக்குக் கொடுத்துவிடுகிறான். பின்னர் அவன் வருந்துவதும் தோட்ட வேலைக்கு ஆள் இல்லையே என்பதற்காகத்தான். அடிமைகளைக் கொண்டுவரப் புறப்பட்ட பயணத்தில்தான் அவனது கப்பல் உடைகிறது. தீவில் தான் காப்பாற்றிய மனிதனுக்கு அவன் முதலில் கற்பிக்கும் சொற்களுள் ஒன்று எஜமான் என்பது.

பிறப்புப் பெருமையின் பொய்மையை டெஃபோ அறிந்திருந்தார். சட்டத்தின் புறக்கணிப்பையும் ஊரறிந்த அவமானத்தையும் அனுபவித்திருந்தார். அடிமை வணிகத்தின் கொடுமையையும் ஒருமுறை எழுதினார். ஆயினும் அவரது நாவல் சூரிக்காக நின்று கேட்கவில்லை. ஒடுக்கப்பட்ட அனுபவம் இன்னொருவரின் ஒடுக்குமுறைக்கு எதிராக நிற்கும் உறுதியைத் தானாகவே தந்துவிடுவதில்லை. நம் இயக்கங்களுக்குள் பெண்களின் குரலும், நமக்கும் கீழே வைக்கப்பட்ட சாதியினரின் குரலும் எங்கே என்று கேட்கும்போதெல்லாம் இதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

1731 ஏப்ரல் 24 அன்று, கடன்காரருக்கு மறைந்து வாழ்ந்த நிலையில் டெஃபோ இறந்தார். அவர் நூல் இன்றும் பாடத்திட்டங்களில் உள்ளது. அதைக் கையிலெடுக்கும் மாணவர்கள், விற்கப்பட்ட பின் சூரி என்னவானான் என்ற கேள்வியை வகுப்பறையில் எழுப்ப வேண்டும்.