செப்டிமா கிளாக் அம்மையாரும் முதியோர் கல்வியும்

செயலமர்வு என்னும் சொல் இன்று நம்மிடையே பெருவழக்காயிற்று. ஆசிரியர்க்கு ஒன்று, மாதர் சங்கத்தார்க்கு ஒன்று, கமக்காரர்க்கு ஒன்று என அழைப்பிதழ்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. மங்கல விளக்கேற்றலில் தொடங்கி நன்றியுரையில் முடியும் நிகழ்ச்சிநிரலிலே யார் யார் பேசுவார் என்பது இருக்கும். வந்திருப்போர் எதனை வேண்டி வந்தனர் என்பது மட்டும் இராது. இத்தகைய அமர்வுகள் பலவற்றிலே பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தவன் யான். ஆதலின், வளர்ந்தோர்க்குக் கற்பிக்கும் முறையை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து கண்ட ஓர் அம்மையாரின் சரிதத்தை ஆசிரிய உலகத்தார் அறிதல் நன்றெனக் கருதி இதனை எழுதலானேன்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சாள்ஸ்டன் நகரிலே, 1898ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் செப்டிமா பிறந்தார். தந்தையார் அடிமையாகப் பிறந்தவர்; தாயார் எய்ற்றி நாட்டில் வளர்ந்தவர். ஏவரி கல்விக்கழகத்திலே ஆசிரியப் பயிற்சி பெற்று 1916இல் வெளிவந்த பதினெட்டு வயது நங்கைக்குச் சாள்ஸ்டன் நகரப் பள்ளிகளில் இடம் இல்லை. கறுப்பின ஆசிரியரை அப்பள்ளிகள் அக்காலத்தில் ஏற்பதில்லை. எனவே கடலோரத்து ஜோன்ஸ் தீவுக்குச் சென்றார். அங்கே 132 பிள்ளைகளுக்கு இரண்டே ஆசிரியர். தலைமைப் பொறுப்பையும் ஏற்ற இவருக்கு மாதம் 35 டொலர். எதிரே இருந்த வெள்ளையர் பள்ளியில் மூன்று பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் பெற்றது 85 டொலர். பாடநூல் இன்மையால் கடதாசிப் பைகளிலே பிள்ளைகளின் கதைகளையே எழுதி வாசிக்கச் செய்தார். தீவின் ஆடவர் சிலர் தங்கள் சங்கக் கூட்டங்களில் நிமிர்ந்து நின்று பேச வேண்டுமென்னும் ஆவலால் இரவில் வந்து கற்பிக்குமாறு கேட்டனர். முதியோர் கல்வியில் அம்மையார் அடிவைத்தது இவ்வாறே. வேண்டியோர் வந்து கேட்டனர் என்பதைக் குறித்துக்கொள்க.

1920இல் நேரி கிளாக் என்னும் கடற்படையாளரை மணந்தார். ஐந்தாண்டுகளில் கணவர் மறைந்தார். பின்னர் கொலம்பியா நகரிலே ஆசிரியப்பணி. கறுப்பின ஆசிரியர்க்குச் சமசம்பளம் வேண்டி 1945இல் வெற்றிபெற்ற வழக்கிலே பங்கு. 1942இல் இளமாணி, 1946இல் முதுமாணிப் பட்டங்கள். இவற்றை விரித்துரைக்கப் புகின் இக்கட்டுரை நீளும்.

1956ஆம் ஆண்டே அவர் வாழ்வின் திருப்பம். கறுப்பின மக்களின் உரிமைக்குப் பாடுபட்ட தேசியச் சங்கத்தில் அரசாங்க ஊழியர் எவரும் உறுப்பினராதல் கூடாதென அம்மாநிலம் சட்டம் இயற்றிற்று. அம்மையார் தம் உறுப்புரிமையை மறைக்க மறுத்தார். நாற்பதாண்டு பணிசெய்தவரை வேலையினின்று நீக்கினர், ஓய்வூதியமும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 58. உடன்பணிபுரிந்த கறுப்பின ஆசிரியர்க்கெல்லாம், சட்டத்தை எதிர்த்து ஒன்றுசேருமாறு 726 மடல்கள் விடுத்தார். விடையெழுதியோர் இருபத்தறுவர். கல்வி அதிகாரியைக் காண வருவதாக இசைந்தோர் பதினொருவர். உரிய நாளில் வந்து நின்றோர் ஐவர்.

பிறரானால் அஞ்சியவர்களைப் பழித்து ஓய்ந்திருப்பர். அம்மையாரோ அதனைத் தம் வாழ்நாளின் பெருந்தோல்விகளுள் ஒன்றென எண்ணினார். மக்கள் ஆயத்தமாகாத ஒன்றினுள் அவர்களைத் தள்ள முயன்றதே பிழை, முன்னரே பயிற்சி அளித்திருக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிபு. அவரது பிற்காலப் பணி முழுமைக்கும் இதுவே வித்தென்பது எனது துணிபு.

டென்னசி மாநிலத்து மொன்றீகிள் மலைப்பகுதியில் ஹைலாண்டர் மக்கட் பள்ளி இருந்தது. டென்மார்க்கிலே குருண்ட்விக் பாதிரியாரின் கருத்தால் எழுந்த குடியானவர் பள்ளிகளை நேரிற் கண்டு திரும்பிய மைல்ஸ் ஹோட்டன் 1932இல் அதனை நிறுவினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பந்தியில் உண்டு ஒரே கூரையின்கீழ் உறங்குதல் அங்கே வழக்கு. அம்மையார் 1954இல் முதன்முதல் அங்குச் சென்றார். வேலையிழந்த பின்னர் அங்கேயே செயலமர்வுப் பணிப்பாளரானார். அங்கே அமர்வு தொடங்குவது, வந்தோர் தத்தம் ஊரின் இடரை எடுத்துரைப்பதில். முடிவது, ஊர் திரும்பி யாது செய்வீர் என்னும் வினாவில். 1955 கோடையில் அவர் நடத்திய அமர்விலே மொன்ற்கொமறி நகரத் தையற்பெண் ஒருவர் இருந்தார். தம் ஊரில் ஒன்றும் நிகழாதென்றே அவர் நம்பிக்கையின்றி உரைத்துச் சென்றார். அவர்தாம் றோசா பாக்ஸ். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் பேருந்திலே இருக்கையை விட்டெழ மறுத்துக் கைதானார்.

இனி ஜோன்ஸ் தீவுக்கு மீள்வோம். அங்கே வாக்காளர் இடாப்பிற் பெயர் பதிய, உரிய பெறுமதிச் சொத்தில்லாதார் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டல் வேண்டும். ஈசோ ஜெங்கின்ஸ் என்பார் தம் பேருந்திற் பயணஞ்செய்வோர்க்கு அப்பகுதியைச் சொல்லிக்கொடுத்து வந்தார். மனப்பாடம் செய்தோர் இருந்தனர், வாசிக்கத் தெரிந்தாரல்லர். பள்ளி அதிபரும் மதகுருவும் அச்சத்தால் இடம்தர மறுத்தனர். எனவே ஒரு கட்டடத்தை வாங்கி, முன்புறத்தில் கூட்டுறவுக் கடையும் பின்புறத்தில் சாளரமற்ற வகுப்பறையும் அமைத்தனர். வெளியே நிற்பவன் காண்பது கடையையே!

1957 ஜனவரி 7ஆம் நாள் 14 பேருடன் வகுப்புத் தொடங்கிற்று. தோட்டவேலை குறைந்த இரு மாதங்களில், வாரத்துக்கு இரண்டு இரவுகள். ஆசிரியர் யாரென எண்ணுகிறீர்கள்? அம்மையாரின் உறவினரான பேணிஸ் றொபின்சன், சிகையலங்காரத் தொழில் செய்தவர். பயிற்சி பெறாத தமக்கு இது இயலாதென மறுத்தவரை வற்புறுத்தி அழைத்தனர். பட்டம் பெற்றவர் தம் புலமையால் கற்போரைக் கூசச்செய்வர் என்பது ஒரு காரணம். அவருடைய வாடிக்கையாளர் கறுப்பினப் பெண்களே ஆதலின் வெள்ளையர் எவரும் அவரை வேலைநீக்கம் செய்ய முடியாதென்பது மற்றொன்று. பண்டிதர் என்னும் பெயரைச் சுமக்கும் எனக்கு முதற்காரணம் சற்றே சுடத்தான் செய்தது.

பாலர் பாடநூல்களுடன் சென்ற றொபின்சன், வளர்ந்தோர்க்கு அவை பொருந்தாமை கண்டு முதலிரவே ஒதுக்கிவைத்தார். நீங்கள் கற்க விரும்புவது எதுவெனக் கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், வேதாகமத்தை வாசிக்க வேண்டும், காசுக்கட்டளையை நிரப்ப வேண்டும் என்றனர். அவையே பாடத்திட்டமாயின. அட்டையில் எழுதிய பெயரின்மேல் பென்சிலை மீண்டும் மீண்டும் ஓட்டிக் கை பழகினர். ஏடு தொடக்கும் நாளில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கும் நம்மவர்க்கு இம்முறை புதிதன்று. வயது அறுபதைக் கடந்த விரல்களுக்கு அதனைச் செய்யலாமென்பதே நாம் எண்ணாதது. அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் கரும்பலகையிலே தம் பெயரைத் தாமே இனங்கண்டு சுட்டிய காட்சியை றொபின்சன் பின்னாளில் நெகிழ்ந்து கூறுவதுண்டு.

அயல் தீவுகளிலும் வகுப்புகள் எழுந்தன. 1959 ஜூலையிலே காவலர் ஹைலாண்டரைச் சோதனையிட்டு அம்மையாரைக் கைதுசெய்தனர். 1961இல் அப்பள்ளியின் உரிமம் இரத்தாயிற்று. பணியோ நிற்கவில்லை. மாட்டின் லூதர் கிங் தலைமையிலான கிறித்தவத் தலைமைப் பேரவை அதனை ஏற்க, ஜோர்ஜியா மாநிலத்து டோர்செஸ்டர் நிலையத்தில் ஐந்துநாட் பயிற்சிகள் தொடர்ந்தன. அண்ட்றூ யங், டொறொத்தி கொட்டன் என்போர் துணைநின்றனர். தென்மாநிலங்களின் மூலைமுடுக்குகளிலிருந்து பேருந்தில் வந்த எளியோர் ஆசிரியராய்த் திரும்பினர். வேண்டிய தகுதி, உரக்க வாசித்தலும் தெளிவாய் எழுதுதலுமே. தம் ஊரவரின் மதிப்பைப் பெற்றவராதல் சிறப்பு. பருத்தித் தோட்டத் தொழிலாளியான பனி லூ ஹேமர் அவ்வாறு பயின்றவர்களுள் ஒருவர். வாசிப்புச் சோதனையை ஒழித்த வாக்குரிமைச் சட்டம் 1965இல் வந்தபோது, இடாப்பிற் பெயர் பதிய மக்களைத் திரட்டுதற்கு இவ்வாசிரியர் ஊர்தோறும் இருந்தனர்.

அவ்வியக்கத்துள்ளும் பெண்ணின் சொல் எளிதில் ஏறவில்லை. எல்லா ஊர்வலங்களையும் தாமே தலைமை தாங்காது பிறரையும் தலைவராக்க வேண்டுமென அம்மையார் கிங் அவர்களுக்கு மடல் எழுதினார். அது ஊழியர் நடுவே வாசிக்கப்பட, அவர்கள் நகைத்தனர். தலைவரை உண்டாக்குதலே தொழிலாகக் கொண்ட ஒருவரின் சொல்லுக்கா அந்நகைப்பு! இதனை எண்ணுந்தோறும் எனக்கு வருத்தமே மிகும்.

1970இல் பேரவைப் பணியினின்று ஓய்வுபெற்றார். தம்மை நீக்கிய சாள்ஸ்டனின் கல்விச் சபைக்கே 1975இல் உறுப்பினராகத் தேர்வானார். மறுவருடம் ஓய்வூதியமும் மீண்டது. 1987ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், தமது எண்பத்தொன்பதாம் வயதில், முதன்முதல் ஆசிரியராய்ச் சென்ற ஜோன்ஸ் தீவிலேயே காலமானார்.