வெப்பத்தின் ஓட்டத்தைக் கண்ட ரம்போர்டு

உலைநீர் அடியில் சூடேறி மேலே வருவதும், ஆறியது கீழே போவதும் நம் அடுப்படியில் நடப்பதுதான். பானை முழுதும் சூடாவது இந்த ஓட்டத்தினால் என்று விளக்கியவர் ரம்போர்டு பிரபு.

1753-ல் அமெரிக்காவில் பிறந்தவர்; இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்து, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு லண்டன் போய்விட்டார். மெச்சத்தக்க செயல் அல்ல! பிறகு பவேரியாவில் மந்திரியானார். மியூனிச் நகரப் பிச்சைக்காரர்களுக்கு வேலையும் சூப்பும் கொடுத்ததும் இவரே.

ஒரு நாள், ஜன்னலில் ஆற வைத்திருந்த பெரிய வெப்பமானிக்குள் தூசுகள் நடுவில் விறுவிறுவென மேலேறி, ஓரமாக இறங்குவதைக் கண்டார். சூடான திரவம் லேசாகி எழுகிறது, குளிர்ந்தது கனத்து இறங்குகிறது என்பது புரிந்தது. ஜாடியின் அடியில் ஐஸைப் பொருத்தி மேலே வெந்நீர் ஊற்றினார். ஐஸ் வெகு மெதுவாகவே உருகியது. 1797-ல் இதையெல்லாம் வெளியிட்டார். ஆனால், ஓட்டமில்லாவிட்டால் திரவத்தில் வெப்பம் பரவவே பரவாது என்று சாதித்தது தவறு, சிறிதளவு பரவும்.

வெப்பம் ஒரு பொருளே என்ற லவாய்சியேயின் கொள்கையை எதிர்த்த இவர், 1805-ல் அவருடைய விதவையையே மணந்தார். ஒத்துப்போகவில்லை; பிரிந்தனர். 1814-ல் பாரிஸ் அருகே காலமானார்.