சமாதானம் பேசிய கிழவர்

எழுபத்தோரு வயதுக் கிழவர். கையிலே ஊன்றுகோல். 1619 மே 13-ஆம் நாள், ஹேக் நகரத்துப் பின்னன்ஹாஃப் முற்றத்திலே, மரமேடை மீது ஏறுகிறார். வாள் வீச்சிலே தலை வீழ்கிறது. எவர் தலை? நெதர்லாந்துக் குடியரசை உருவாக்கிய தலை! யோஹான் வான் ஓல்டன்பார்னவெல்ட்டின் தலை!

1547-இல் ஆமர்ஸ்ஃபோர்ட்டிலே பிறந்தவர், சட்டம் பயின்றவர். 1586 முதல் ஹாலந்து மாநில வழக்கறிஞர். பெயர்தான் வழக்கறிஞர், உண்மையிலே ஆட்சித் தேரின் அச்சாணி. விடுதலை வீரர் ஆரஞ்சு வில்லியம் 1584-இல் கொலையுண்டார். அவர் மகன் மாரிஸைப் பதவியேற்றியதிலே பெரும்பங்கு இவருடையது. மாரிஸிடம் வாள், இவரிடம் பேனா. இரண்டும் இணைந்திருந்தவரை ஸ்பெயின் வல்லரசு திணறிற்று.

கஜானா வற்றிற்று, இரு பக்கமும். ஸ்பெயின் 1607-இல் கடனைத் திருப்பித் தர வழியின்றிக் கைவிரித்தது. அவ்வாண்டே போர் ஓய்ந்தது, பேச்சு துவங்கிற்று. எதிரிப் படைத்தலைவர் ஸ்பினோலா 1608-இல் ஹேக் நகருக்கே தூதராக வந்தார்.

அப்போது மூண்டதே வேறொரு போர், அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அச்சுக்கூடங்கள் துண்டு வெளியீடுகளைக் கொட்டித் தீர்த்தன. சமாதானம் என்பது ஸ்பெயினின் சூழ்ச்சி என்றது ஒன்று. போர் நின்றால் உள்ளுக்குள்ளே அடித்துக்கொள்வோம் என்றது மற்றொன்று. (இது பலித்தது, பாவம்!) ஸ்பெயினின் கடல்கடந்த வாணிபத்தைத் தாக்க வேண்டும் என வாதாடியவர் உசலிங்க்ஸ் எனும் வணிகர். மதபோதகர் பலர் முழங்கினர், ஆம்ஸ்டர்டாம் முணுமுணுத்தது, ஸீலாந்து முகம் சுளித்தது, மாரிஸ் முறைத்தார். சமாதானம் பேசுபவன் விலைபோனவன்! எத்தனை எளிய குற்றச்சாட்டு! மெய்ப்பிக்க வேண்டியதில்லை, பரப்பினால் போதும். ஓல்டன்பார்னவெல்ட் ஸ்பெயினிடம் விலைபோனார் என்பது எந்நாளும் மெய்ப்பிக்கப்படவில்லை.

பிடிவாதக்காரர்தான் அவர். எதிர்ப்பவரை மதியாத குணமும் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பிடிவாதம் பெற்றுத் தந்தது என்ன? 1609 ஏப்ரல் 9-இல் ஆன்ட்வெர்ப்பிலே கையெழுத்தான பன்னிரண்டாண்டுப் போர்நிறுத்தம்! கீழ்த்திசை வாணிபத்தைக் கைவிடு என்றது ஸ்பெயின், கைவிடவில்லை. அந்த வாணிபத்துக்கென 1602-இல் அமைந்த கிழக்கிந்தியக் கம்பெனியும் இவர் முயற்சியிலே உருவானதுதான். அக்கம்பெனி நம் பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டி அமர்ந்தது தனிக்கதை.

போர் நின்றது; மதச் சச்சரவு வெடித்தது. விதியை ஆண்டவன் முன்பே எழுதிவிட்டானா, மனிதன் விருப்பத்துக்கும் இடமுண்டா என்று இரு கட்சி. மென்மைக் கட்சிக்குத் துணைநின்ற கிழவர், 1617-இல் நகரங்கள் தாமே காவற்படை திரட்டலாம் எனத் தீர்மானம் செய்வித்தார். மாரிஸுக்கு அது போதுமானதாயிற்று. 1618 ஆகஸ்ட் 29, கைது. இருபத்து நான்கு நீதிபதிகள், தனி மன்றம். கிழவருக்கு மரணம், தோழர் குரோஷியஸுக்கு ஆயுட்சிறை. அவர் 1621-இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார்.

அதே 1621-இல் போர்நிறுத்தம் காலாவதியாயிற்று. மீண்டும் இருபத்தேழு ஆண்டுப் போர். நெதர்லாந்தின் விடுதலையை ஸ்பெயின் முற்றாக ஒப்புக்கொண்டது 1648-இல், மன்ஸ்டரிலே. அதைக் காண மாரிஸும் இல்லை; 1625-லேயே மறைந்துவிட்டார்.