மண் தந்த மல்லன்

மராட்டியத்துக் கோலேஸ்வர் சிற்றூரில், 1926-இல், மல்லரின் மகனாகப் பிறந்தார் கசாபா தாதாசாகேப் ஜாதவ். மண் களத்தில் பயின்றவர், 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் மெத்தை விரிப்பில் மோதி ஆறாமிடம் பெற்றார். 1952-இல் ஹெல்சிங்கி செல்லப் பணம் போதவில்லை. ஊரார் காசு திரட்டினர். கோலாப்பூர்க் கல்லூரி முதல்வர் கர்தேக்கர் தம் வீட்டையே அடகு வைத்தார். வென்றார் வெண்கலம்! விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கம் அது. அடுத்ததற்கு, சென்னையில் டென்னிஸ் பயின்ற லியாண்டர் பயஸ் வெல்லும் வரை, 44 ஆண்டுகள் காத்திருந்தோம்.

காவல்துறையில் பணியாற்றிய ஜாதவ், 1984-இல் சாலை விபத்தில் மறைந்தார். அர்ச்சுனா விருதோ அதன் பிறகே வந்தது! மாண்டபின் மாலை யாருக்கு? மயிலையிலோ அடையாற்றுக் குப்பத்திலோ ஓர் ஏழைச் சிறுவனின் தோள் தினவெடுத்தால், அன்றே அவனுக்கு வழிச்செலவு தருக என்கிறோம் நாம்.